மாமியார் கும்பிடு

"யோவ், சிரிக்காத. டீச்சரம்மா உன்னியவே பாக்குது" என்று புருஷன் ராமதாஸின் தொடையில் கிள்ளினாள் நீலா.

ராமதாஸ் துண்டை வாயில் அடைத்துக்கொண்டான். அப்போதும் தோள் குலுங்கியது.

திருவொற்றியூர்க் குப்பத்து வலைக்கூடத்தில் புத்தக அறிமுகக் கூட்டம். பேராசிரியர் நர்மதா இதே குப்பத்தில் ஆறு வருஷம் அலைந்து எழுதிய ஆய்வு நூல். பல்கலைக்கழகத்தில் அறிமுகம் செய்தபோது மைக்செட்காரரையும் சேர்த்துப் பதினோரு பேர் வந்தார்கள். 'யாரைப் பற்றி எழுதினேனோ அவர்களே படிக்கட்டும்' என்று ரோஷத்தோடு இங்கே வந்துவிட்டார். வந்த இடத்தில் முன்வரிசையிலேயே இப்படி ஒரு ஆள்!

நர்மதா வாசித்தார். "நெய்தல் நில உறவுமுறைக் கட்டமைப்பில் தாய்வழி மரபின் எச்சங்கள் இன்றளவும்..."

"இது நம்மளப் பத்தியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நம்மளதான். கம்னு கேளு" என்று இன்னொரு குரல்.

நர்மதா புத்தகத்தை மூடிவிட்டுச் சாதாரணமாகவே பேசினார். "இந்தக் குப்பத்துல ஒரு வழக்கம் இருக்கு. வேற எந்தக் கரையிலயும் கிடையாது. கடலுக்குப் போற ஆம்பளைங்க மாமியார் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுதான் படகைத் தள்ளுவாங்க. என் புத்தகமே அந்த வழக்கத்து மேலதான் நிக்குது."

ராமதாஸுக்குப் புரையேறிவிட்டது.

"வெளிய போய் இருமிட்டு வாங்க ராமதாஸ். படிப்புன்னா உங்களுக்கு அவ்வளவு இளப்பமா?" என்றார் நர்மதா. பார்க்கவே பாவமாக இருந்தது.

ராமதாஸ் எழுந்து வாசலுக்கு நடந்தான். 'தொலைந்தது சனியன்' என்று வந்திருந்த நாலைந்து படித்தவர்கள் மூச்சு விட்டார்கள்.

அதே நேரம் அந்தப் படித்தவர்களில் ஒருவர் எழுந்தார். ஓய்வுபெற்ற பேராசிரியர் குணசேகரன்.

"ஒரே ஒரு சந்தேகம்மா. இருபது வருஷமா இந்தக் கரையை ஆராய்ச்சி பண்றேன். இப்படி ஒரு வழக்கத்தை நான் கண்டதும் இல்ல, கேட்டதும் இல்ல. இது பொய்னா உங்க புத்தகம் மொத்தமும் பொய். இங்க யாராவது இதைப் பார்த்திருக்கீங்களா?"

கூடத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நர்மதாவின் முகம் வெளிறிப்போனது. ஆறு வருஷ உழைப்பு, வேலை, மரியாதை எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது.

வாசல் வரை போன ராமதாஸ் திரும்பி வந்தான். மைக்கைப் பிடுங்கினான்.

"எங்க வூட்ல நாலு தலமுறையா நடக்குது சார். எங்க நைனா அவரு மாமியார் கால தொடாம போட்டுல ஏறுனதேயில்ல."

சொல்லிவிட்டுக் கூடத்தை ஒரு முறை முறைத்துப் பார்த்தான்.

"எங்க வூட்லயும்தான்" என்று பக்கத்து வீட்டு அர்ஜுன் எழுந்தான். அப்புறம் அவன் தம்பி. அப்புறம் வரிசை வரிசையாக எல்லாரும்.

"அப்படியா? நாளைக்குக் காலைல கேமராவோட வர்றேன்" என்றார் குணசேகரன்.

"வா சார். அஞ்சு மணிக்குக் கரைல நில்லு."

கூட்டம் முடிந்ததும் நர்மதா அவனிடம் வந்தார். "சாட்சி சொன்னதுக்கு நன்றி. ஆனா நீங்க சிரிச்சதை நான் மறக்க மாட்டேன்."

"மன்னிச்சுக்க டீச்சரம்மா" என்று தலையைச் சொறிந்தான் ராமதாஸ்.

வீட்டுக்குப் போகிற வழியில் நீலா பிடித்துக்கொண்டாள். "இன்னாயா இது? கல்யாணமாயி பதினெட்டு வருசம் ஆவுது. எங்கம்மா கால நீ ஒரு நாளு தொட்டிருப்பியா? பொங்கலுக்கே மூஞ்சத் திருப்பிக்கினு போற ஆளு!"

"அந்தம்மா இங்க வந்த புதுசுல நோட்டும் கையுமா நின்னுகினு 'உங்க வழக்கம் என்ன, வழக்கம் என்ன'ன்னு கேட்டுகினே இருந்துச்சு. வல சிக்கிக்கினு நான் கடுப்புல இருந்தேன். சும்மா ஓட்டலாம்னு ஒண்ணு அள்ளி வுட்டேன். அது அப்டியே நம்பி எழுதிக்கிச்சு. ஒரு நாளு கூட விடியக்காலைல கரைக்கு வந்து பாக்கல."

"அடப்பாவி! அதுக்கு ஊரே பொய்யி சொல்லணுமா?"

"டூப்பு வுட்டது நானு. நம்புனது அந்தம்மா. அசிங்கப்பட வேண்டியது யாரு, நீயே சொல்லு."

நீலா நேராகத் தன் அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் விடியற்காலையில் குணசேகரன் கேமராவோடு வந்தார். குப்பத்து மருமகன்கள் அத்தனை பேரும் வரிசையாகக் குனிந்து எழுந்து படகைத் தள்ளினார்கள். அவர் அங்கிருந்தே நர்மதாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார்.

அதற்கடுத்த நாள் கேமரா வரவில்லை. ராமதாஸ் நைசாகத் தன் படகுப் பக்கம் நழுவினான்.

"மாப்ளே!"

மாமியார் படகில் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தாள். பின்னால் குப்பத்து மாமியார்கள் எல்லாரும் கால் கழுவிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

"நாலு தலமுறையா நடக்குதுன்னு மைக்குல சொல்லிட்டு, இப்போ நீ பாட்டுக்கு நிறுத்திட்டா, பாவம், டீச்சரம்மா எழுதுனது பொய்யாப் பூடாதா?"