அவங்கடை பாசை

“ஊரைப் பிடிச்சவன்ரை பாசையை ஆரேன் விரும்பிப் படிப்பினமோ?”

முதலாளி கனகசுந்தரம் கேட்டதும் சமையலறையில் எல்லோரும் சிரித்தார்கள். நிரஞ்சலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய பையிலிருந்து விழுந்த ஹீப்ரு புத்தகம் முதலாளியின் கையில் இருந்தது.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், அவருடைய உணவகத்தில்தான் அவள் பரிமாறுகிறாள். மிச்ச நேரத்தில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். 1948இல், இஸ்ரேல் உருவானபோது காலியாகிப்போன ஒரு பலஸ்தீன ஊரைப் பற்றி ஆய்வு. சனம் தானாகப் போனது என்று ஒரு தரப்பு, துரத்தப்பட்டது என்று மறு தரப்பு. சண்டை இன்னும் ஓயவில்லை.

“அண்டைக்கு என்ன நடந்தது எண்டு அவங்கடை ஆமிக்காரரே எழுதி வைச்சிருக்கினம், அங்கிள். அது ஹீப்ருவிலை கிடக்கு. அதை வாசிக்காமல் நான் என்னெண்டு எழுதுறது?”

“அடிச்சவன் உண்மை எழுதுவானோ? அடி வாங்கின சனத்தைக் கேள், போதும்.”

லா சப்பலில் ஒரு செய்தி பரவ மெட்ரோ தேவையில்லை. ஒரே வாரத்தில் மரக்கறிக் கடை வரைக்கும் போய்விட்டது. பலஸ்தீனத்துக்காக ஊர்வலம் போகிறவர்கள் அவளை முறைத்தார்கள். ஒரு நாளும் போகாதவர்கள் இன்னும் கூடுதலாக முறைத்தார்கள்.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு, முதலாளி உட்பட எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது அந்தக் கடை வழக்கம். இப்போது அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தால், ஒவ்வொருவராக ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். வவுனியாவை விட்டு வந்து மூன்று வருடம். பாரிஸில் அவளுக்கு வீடு மாதிரி இருந்தது அந்த மேசை ஒன்றுதான்.

புறநகரான வில்லியே லே பெல்லில் அவளுடைய அறைக்கு யாரும் வருவதில்லை. ‘வீட்டில் இருப்பவர்களைப் பற்றி ஐந்து வசனம் எழுதவும்’ என்று ஹீப்ரு வகுப்பில் வீட்டுப்பாடம். ‘நான் இருக்கிறேன்’ என்று எழுதினாள். இரண்டாவது வசனத்துக்கு ஆள் இல்லை. அழுதாள்.

திங்கட்கிழமை கடை பூட்டு. வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு மொழிப் பள்ளிக்குப் போனாள். ஆய்வு போனால் போகட்டும், சாப்பிடும்போது பக்கத்தில் ஓர் ஆளாவது வேண்டும் என்று இருந்தது.

அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஒரு வகுப்பின் கதவு திறந்து கிடந்தது. இளம் பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசி வாங்கில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கனகசுந்தரம் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். பலகை முழுக்கச் சிங்கள எழுத்து.

அவளைக் கண்டதும் எழும்பி வெளியே வந்தார். அவராகவே சொன்னார்.

“சண்டை முடிஞ்ச அண்டைக்கு, சரணடையச் சொன்னாங்கள் எண்டு என்ரை மகனை நானே கூட்டிக்கொண்டு போய் ஆமியிட்டைக் குடுத்தனான், பிள்ளை. அதுக்குப் பிறகு ஆளைக் காணேல்லை. எழுதி எழுதிக் கேட்டு, போன வருசம்தான் கொழும்பிலையிருந்து பதில் வந்தது. பத்துப் பக்கம், எல்லாம் சிங்களம். வேறை ஆரும் வாசிச்சுச் சொன்னால் என்ரை மனம் ஆறாது. அவங்கள் என்ன எழுதியிருக்கிறாங்கள் எண்டு நானே பாக்கவேணும்.”

அவள் தலையை ஆட்டினாள். வகுப்புக்குத் திரும்பப் போனவர், கதவடியில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

“கடையிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. பிறகு என்னோடை இருந்து சாப்பிட ஆள் இராது.”