ஆறு இல்லை, ஏழு

சட்டம் தேடித் தரும் ஏஐயிடம் வக்கீலம்மா கேள்வியை அடித்து அனுப்பினார்: "கணவர் காணாமல் போய் ஆறு வருடம். இறந்துவிட்டதாக அறிவிக்க முடியுமா?"

"முடியாது. ஏழு வருடம் ஆக வேண்டும்."

"பார்த்தியாம்மா, முடியாதாம்!" குரலில் அப்படியொரு நிம்மதி.

எதிரே இருந்தவள் தலைகுனிந்தாள். "போன மாசமே ஏழு முடிஞ்சிருச்சு. உங்களுக்குத் தெரியாததா? கேள்வியைத் திருத்துங்க."

"சரியா எண்ணிப் பாரேன்."

"எண்ணாத நாள் ஏது?"

ஒற்றை எண்ணைத் திருத்த வக்கீலம்மாவுக்கு வெகுநேரம் பிடித்தது.

"முடியும்" என்று பதில் வந்தது.

மனுவை நிரப்பத் தொடங்கினார். 'காணாமல் போனவரின் தாய்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"குடுங்க அத்தை, உங்க பேரை நானே எழுதிடறேன்," என்றாள் மருமகள்.