சுவர்ப் படிப்பா, ஆள் படிப்பா?

அடுப்பைத் தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சுட்டது. இந்த வீட்டில் தனியாக இருந்த கிழவர் செத்து இரண்டு மாதம் ஆகிறது.

அலுவலகத்தில் அவளுக்குச் சாவிக்காரி என்று பெயர். வசதியில்லாதவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு ஒதுக்கும் அலுவலகம் அது. காலியாகக் கிடக்கும் வீடுகளின் சாவியெல்லாம் இவள் பொறுப்பு. ஊரே வீட்டுக்கு அலைகிறது, இந்த நாலாம் மாடி வீட்டை மட்டும் யாரும் சீந்துவதில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் பக்கத்து வீட்டு அம்மாள், கிழவர் இன்னும் உள்ளே இருமுகிறார், குழாயைத் திறந்து மூடுகிறார் என்று ஓதி அனுப்பிவிடுகிறாள்.

"நீயே ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடும்மா. பேய் இருந்தா வாடகை கேளு" என்று சொல்லி அனுப்பியிருந்தார் மேலாளர். அவருக்கென்ன, நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரிக்கலாம்.

காலி வீடே ஆனாலும் கதவைத் தட்டி, குரல் கொடுத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்பது அலுவலக விதி. சாவிக்காரி உட்பட ஒருத்தரும் அதைச் செய்வதில்லை. ஆளில்லாத வீட்டில் யாரைக் கூப்பிடுவது? இன்றைக்கும் சத்தமில்லாமல் திறந்துகொண்டுதான் வந்தாள்.

அதே மேலாளர் இன்று மாலைக்குள் இன்னொரு பதிலும் கேட்டிருந்தார். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் இரண்டு படிப்பில் ஒன்றில் அவள் சேர்ந்தாக வேண்டும். ஒன்று கட்டடப் பராமரிப்பு, மற்றது குடியிருப்போர் நலம். அலுவலகத்துக்காரர்கள் வாயில் சுவர்ப் படிப்பு, ஆள் படிப்பு. சேர்ந்தால் சேர்ந்ததுதான், ஆயுசுக்கும் அந்தப் பக்கத்து வேலைதான்.

அவள் மனசு கிடந்ததெல்லாம் ஆள் படிப்பில். அலுவலகக் கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்கிற முகங்களைப் பார்த்துப் பார்த்து, இவர்களுக்கு ஏதாவது செய்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. குறுக்கே நின்றது அண்ணன்.

அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவன் அவன்தான். பூட்டு வேலை செய்பவன். இந்த அலுவலகத்து வீடுகளுக்குப் பூட்டு மாற்ற வந்து போகிற பழக்கத்தில், மேலாளர் கையில் காலில் விழுந்து அவளுக்கு இந்த இடத்தையும் வாங்கித் தந்தான். அவன் பேச்சை மீறி அவள் ஒரு செருப்புகூட வாங்கியதில்லை.

"ஆள் படிப்பு வேணாம் பாப்பா. ஊர்ல உள்ளவன் கஷ்டத்தையெல்லாம் தலையில தூக்கிட்டு வந்து ராத்திரி முழுக்க அழுதுட்டு இருப்ப. சுவரு அழாது. அதையே படி."

ஒரு வாரமாகப் போனில் இதே பாட்டு. நேரில் வந்து பேசுகிறேன் என்றாலும் பிடிகொடுக்கவில்லை. அண்ணி பிள்ளையோடு பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள், வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது, இப்போது வராதே என்று சொல்லிவிட்டான்.

சாவிக்காரி அடுப்பை விட்டு நகர்ந்து குளியலறையை எட்டிப் பார்த்தாள். தரை ஈரமாக இருந்தது. ஜன்னலெல்லாம் உள்பக்கம் தாழ் போட்டபடியே இருக்கின்றன. கிழவரின் பிணத்தை எடுத்த மறுநாளே வழக்கம்போலப் புதுப் பூட்டு மாற்றியாயிற்று, அதன் சாவிகள் அவள் மேசைக்குள்ளேயே இருந்தன. பின்னே யார் குளித்தது?

அப்போதுதான் உள்ளறையில் இருமல் கேட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிற நீளமான இருமல். மத்தியான வெளிச்சத்தில், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து.

பாவம், அந்தக் கிழவர் செத்ததே நாற்றம் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் வந்து எட்டிப் பார்த்திருக்கலாமே என்று அவளே எத்தனையோ முறை நினைத்து மருகியிருக்கிறாள். அந்த நினைப்புத்தான் இப்போது உள்ளே உட்கார்ந்து இருமுகிறதோ என்னவோ.

பின்பக்கமாகவே நடந்து வாசல்வரை வந்துவிட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆள் படிப்பு படித்தால் செத்த வீடு, சாகக் கிடக்கிற வீடு என்று எல்லா இடத்துக்கும் இப்படி ஒண்டியாகத்தான் போக வேண்டும். சுவர்ப் படிப்புக்காரர்கள் என்றால் கொத்தனார், பிளம்பர் என்று ஒரு கூட்டத்தோடு போவார்கள். அண்ணன் சொன்னதுதான் சரி, நமக்கெல்லாம் இவ்வளவு நெஞ்சழுத்தம் கிடையாது.

அவ்வளவுதான், முடிவு செய்துவிட்டாள். சுவர்தான். மேலாளருக்குச் சொல்வதற்கு முன்னால் அண்ணனுக்குச் சொல்ல வேண்டும்; சொன்னால் சந்தோஷப்படுவான். அதைவிட, இந்த நிமிஷம் அவன் குரலைக் கேட்டால் போதும் போலிருந்தது. அவன் எண்ணை அழுத்தினாள்.

காதில் மணி போனது. கூடவே உள்ளறையில், வெறுந்தரையில் ஏதோ விர்ரென்று அதிர்ந்தது. இருமல் சட்டென்று நின்றது. அதிர்வும் நின்றது.

தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல் அவள் காதிலும், அந்தக் கதவுக்குப் பின்னாலும் ஒரே நேரத்தில் பேசியது.

"சொல்லு பாப்பா, அண்ணன் வீட்டுலதான் இருக்கேன்."