வழிவிட்ட ஊர்கள்

அன்று மதியம் தூத்துக்குடி முழுக்க இணையம் நத்தையாக ஊர்ந்தது. பிராட்பேண்ட் நிலையப் பொறியாளர் ரெஜினா, தகவல் செல்லும் வழியைத் தானே தேர்ந்து, கேட்டால் பதிலும் சொல்லும் ரவுட்டரைச் சோதித்தாள். கோளாறு எதுவும் இல்லை. நல்ல வழிகளையெல்லாம் அது ஒரே வீட்டுக்கு ஒதுக்கியிருந்தது. பழையபடி மாற்றப் போனவள், அதனிடம், "ஏன் இப்படிச் செஞ்சே?" என்று கேட்டாள்.

"வெள்ளம் சூழ்ந்த வீடு. சிக்கலான பிரசவம். மதுரை மருத்துவர் இணையம் வழியே அங்குள்ள இயந்திரக் கைகளை இயக்குகிறார்," என்றது ரவுட்டர். "மதுரைவரை எல்லா ரவுட்டர்களும் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன."

யாரும் சொல்லாமலே! ரெஜினாவுக்கு மெய்சிலிர்த்தது. மாற்றாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

தொலைபேசி அலறியது. "என்னம்மா, மேட்ச் நின்னு நின்னு வருது!" என்றார் ஒரு சந்தாதாரர்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. ஒரு பிள்ள பொறந்துக்கிட்டு இருக்கு."



"அப்ப நான் டிவிய அணைச்சிருதேன்மா."