விற்காத ஓலை

மாதா கோயில் மணிக்கூண்டில் இருந்த மாடப்புறா, குருத்தோலைத் துண்டு ஒன்றைத் தந்தால் போதும், செத்துப்போன சொந்தம், பாவம் தீரும்வரை வேதனைப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து நேரே மோட்சம் போய்விடும் என்று கோயில் எலிகளெல்லாம் நம்பின.

பீடத்து மெழுகுவர்த்தியைத் தின்ற பாவத்தோடு செத்த புருஷனுக்காக ஓர் எலியம்மா, மழைக்காலத்துக்குச் சேர்த்த கம்புத் தானியத்தையெல்லாம் புறாவின் காலடியில் கொட்டி ஓலை பெற்றுப் போனாள். மழை வந்தது. பிள்ளைகள் பசியில் கத்த, அவள் திரும்ப வந்தாள்.

"சாமி, ஓலையை வித்தீங்களே, அந்தக் கம்புல பாதியாவது..."

"வித்தேனா? யாரைப் பார்த்து என்ன பேசற?" புறா சிலிர்த்துக்கொண்டது. "ஓலை இலவசம். கம்பு நீயா மனசு உருகிப் போட்ட காணிக்கை. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது!"

"கிடையவே கிடையாது" என்று சுவர்ப் பல்லி உச்சுக் கொட்டியது. அந்தக் கம்பில் விழும் பூச்சிதான் அதற்குத் தினமும் சாப்பாடு.

"அப்ப வெறுங்கையோட வந்த மூஞ்சூறு அக்காவை ஏன் விரட்டினீங்க?"

"அவளுக்கு மனசு உருகலை."

"எதை வச்சு அளந்தீங்க? மரக்காலா?"

புறா கம்புக் குவியலின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"சரி சாமி, விக்கலைன்னா நல்லதாப் போச்சு. சம்பந்தம்தான் இல்லையே. அவர் மோட்சத்துலயே இருக்கட்டும், கம்பை நான் எடுத்துக்கறேன்."

புறா இறக்கையை விரித்து மறித்தது. "ஒரு கம்பு மணியைத் தொட்டுப் பார்! உன் புருஷன் உடனே பழைய இடத்துக்கு வந்துடுவான்!"

"வரட்டும் சாமி. பிள்ளைங்க பட்டினின்னு தெரிஞ்சா அவரே இறங்கி வந்து இதைத் தூக்கிட்டுப் போவார்" என்று சொல்லிவிட்டு, எலியம்மா கம்பை அள்ளத் தொடங்கினாள்.