ஒற்றைக் கை நைட்டி

மூட்டையை அவிழ்த்ததும் ஃபினாயில் வாடை குப்பென்று அடித்தது.

அவள் மூக்கைப் பொத்தவில்லை. பொத்தினால், நிவாரணம் வாங்க வந்தவளுக்குத் திமிரைப் பார் என்பார்கள்.

பள்ளிக்கூட வகுப்பறை. ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து இது மூன்றாம் நாள். பெஞ்சுக்கு அடியில் மகள் மோனிஷா காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். உடம்பில் இன்னும் ஈரம் போகாத பாவாடை சட்டை. மாற்றுத்துணி வேண்டும். காய்ந்ததாக, ஏதாவது ஒன்று.

மூட்டைக்குள் கையை விட்டாள்.

ஜிப் போன ஜீன்ஸ். ஜிகினா ரவிக்கை. யாரோ போட்டுக் கழற்றிய உள்ளாடை, துவைக்காமல்.

சீ.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். மாடு வந்தால்தானே பார்ப்பதற்கு? வந்திருப்பது சாணி.

அடியில் ஒரு நைட்டி அகப்பட்டது. காய்ந்திருந்தது. ஊதாப்பூ போட்டது. ஒரு பக்கம் கையைக் காணோம்.

அவள் அதையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கையைக் கிழித்தது அவள்தான். தீபாவளிக்கு முன்பு, வேலை செய்யும் வீட்டில், அடுப்புமேடை துடைப்பதற்காக. மிச்சத்தைக் கொண்டு ஒரு மாதமாகத் தரை துடைத்தாள். அந்த வீட்டு நாய் மூத்திரம் பெய்த இடத்தையும் இதை வைத்துத்தான் துடைத்தாள்.

மூட்டையிலேயே வாந்தி எடுத்துவிடலாம் போலிருந்தது. எடுத்தாலும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

மோனிஷாவுக்குப் பல் தந்தியடித்தது.

ஈரத்துணியை உருவினாள். நைட்டியை மாட்டிவிட்டாள். கையில்லாத பக்கத்தைத் தன் உடம்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. பெண் தூங்கிப்போனாள்.

அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. வேலை வீட்டு அம்மா.

"தண்ணி வடிஞ்சிடுச்சா? நாளைக்காவது வந்துடு. மூணு நாளா தரை துடைக்காம கால் வைக்க முடியல. துடைக்கத் துணிகூட இல்ல. கிடந்ததையெல்லாம், பாவம் ஏழைங்களாச்சேன்னு மூட்டை கட்டிக் குடுத்துட்டேன். வரும்போது பழசு ஏதாவது எடுத்துட்டு வா."

அவள் மகளைக் குனிந்து பார்த்தாள்.

"இருக்குதும்மா. எம்பொண்ணு போட்டுக்கினு தூங்குது. எழுந்ததும் கயட்டி எடுத்தாறேன்."