தட்டை யார் துடைத்தது?

இத்தாலியில், தெரூத்தா ஊரின் பீங்கான் அருங்காட்சியகத்தில் எனக்குக் காவல் வேலை. எங்கள் ஊரில் ரொட்டிக்கு உப்புப் போடும் வழக்கமில்லை; அதைக் குறைபட்டுக்கொண்டே இன்றைய சுற்றுலாக் கூட்டம் உள்ளே வந்தது.

"இந்தத் தட்டுல ஐந்நூறு வருஷமா யாரும் சாப்பிட்டதில்ல," என்று வழிகாட்டி ஃபியொரென்சா முழங்கினாள். கூட்டம் சிரித்தது. பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள், தட்டின் நடுவில் தக்காளிக் குழம்பு ஈரமாக மின்னியது.

அவள் என் காதருகே வந்தாள். "எர்மேதே, சாப்பிட வேற இடமே கிடைக்கலையா உனக்கு?"

"அம்மா தாயே, சாவி என்கிட்ட மட்டுந்தான் இருக்கு. மேலதிகாரி பார்த்தா வேலை போயிடும். நானா இதுல சாப்பிடுவேன்?"

அவள் பெட்டியைப் பார்த்து விரலை ஆட்டினாள். "யாரா இருந்தாலும் சரி, ரொட்டியால வழிச்சுத் துடைச்சு வைக்கத் தெரியாதா? வீட்டுல சொல்லிக் குடுக்கலையா?"

வேடிக்கையென்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

அவர்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். தட்டு பளபளவென்று இருந்தது. அதில் வரைந்திருந்த முயலின் மீசைகூடத் தெரிந்தது. விளிம்பில் ஒரு ரொட்டித் துண்டு இருந்தது. பூட்டைத் திறந்து எடுத்தேன். இன்னும் சூடு ஆறவில்லை.

ஃபியொரென்சா அதைப் பிடுங்கிக் கடித்து, நிதானமாக மென்றாள்.

"உப்பே இல்ல," என்றாள் சந்தோஷமாக. "நம்ம ஊரு ஆளுதான்."